எறும்புக்கு வைத்த விருந்து

கூச்சம் உள்ளவள் விவசாயத்துக்கு வரக் கூடாது. வந்தால் என்னைப் போல் பூச்சிக்குப் பந்தி போடுவாள்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் கரும்புக்கொல்லை ஓரம் ஒரு மூலையை மாமியாரிடம் கெஞ்சி வாங்கி அவரைப் பந்தல் போட்டிருந்தேன். "காய்ச்சா உனுக்கு. இல்லாங்காட்டி அங்கயும் கரும்புதான்" என்று சொல்லிவிட்டார். எனக்கென்று இருந்தது அந்த மூலை ஒன்றுதான்.

பூ விடும் நேரம். கொழுந்தெல்லாம் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. "யாரையாவது கேளேன்" என்றார் வீட்டுக்காரர். கேட்பதா, நானா? (அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் பெயர் கேட்டதற்கே அழுதவள்.) எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! போன வருஷம் ஆமணக்கில் அந்துப்பூச்சி முட்டையிட்டுப் புழு விழுந்தபோது, எறும்புகள் அதைப் பிணம் தூக்குவதுபோல் தூக்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். புழுவும் இலைக்கு எமன், அசுவினியும் எமன். ஆக, எறும்பு நம்ம ஆள்.

வெல்லத்தைக் கரைத்துக் கொடி கொடியாகத் தடவினேன். வந்தன பாருங்கள்! கல்வராயன் மலையிலிருந்துகூட இறங்கி வந்திருக்கும்.

நாலாம் நாள் பார்த்தால் அசுவினி இரட்டிப்பு. எறும்பு அதன் முதுகைத் தடவ, அது பின்னாலிருந்து தேன்சொட்டு விட, இது குடிக்கிறது! அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டையும் விரட்டுகிறது. மாமியார் குனிந்து பார்த்தார்.

"இன்னாடி இது, மாடு கறக்குதுங்க!"

"இல்ல அத்தே, துன்னும்னு..."

"வெல்லம் குடுத்து கறவக்காரன இட்டுக்கினு வந்திருக்கா பாரு!"

வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "திங்கக்கெழம கரும்புக் கரணை வெக்கிறோம்."

அப்போதுதான் எனக்குப் பிடிவாதம் பிடித்தது. கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். விவசாய ஆபீஸ் படியில் மூன்று முறை ஏறி இறங்கி, நாலாவது முறை உள்ளே போய், முந்தானையை வாயில் வைத்தபடியே கேட்டுவிட்டேன்.

"புழு கடிச்சி மெல்லும்மா, எறும்புக்கு அது கறி. அசுவினி சாறு உறிஞ்சும், எறும்புக்கு அது பால்மாடு. மொதல்ல எறும்ப வெரட்டுங்க" என்றார் அங்கிருந்தவர்.

பந்தக்காலிலும் கொடித்தூரிலும் விளக்கெண்ணெய்த் துணி சுற்றினேன். தண்ணீரைப் பீய்ச்சிக் கொழுந்து கொழுந்தாகக் கழுவினேன். ஞாயிறன்று மாமியார் வந்தபோது பொறிவண்டு நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. "சரி, பொழச்சிப் போ" என்றார். அந்த மூலையில் இன்றும் அவரைதான்.

ஆனால் பெயர் போனது போனதுதான். மகனுக்குப் பெண் பார்க்க ரிஷிவந்தியம் போன இடத்திலும் வீட்டுக்காரர் விடவில்லை. "எங்கூட்டுக்காரி பேச மாட்டா. எறும்புக்கு வெல்லம் வெச்சி அசுவினி வளத்தவ."

எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அம்மா மட்டும் திருதிருவென்று விழித்தார்.

"ஐயோ, வெக்கக் கூடாதுங்களா? நேத்துதான் வெச்சங்க."

அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம்.