சசிக்குமாரின் திடீர் விரதம்

பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். தலையில் மல்லிகைப் பூவோடு வந்த மனைவி நிரஞ்சனி, கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். சசிக்குமாருக்கு வியர்த்துவிட்டது.

"நான் விரதம்" என்றார்.

"எப்ப இருந்து?"

"இப்ப இருந்து."

மாத்தளை டவுனில் ஆணி, பூட்டு, கொக்கி விற்கும் மனிதர். நாற்பதைத் தாண்டியாயிற்று. சில மாதங்களாக உடம்பு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொல் பேச்சுக் கேட்பதில்லை. முதலில் முதுகுவலி என்று சமாளித்தார். நிரஞ்சனி எண்ணெயைச் சூடாக்கி வந்து முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள்; நிலைமை இன்னும் சிக்கலானது. பிறகு பஸ் ஸ்டாண்டில் ஒருவன் விற்ற லேகியத்தை வாங்கி ஒளித்து வைத்துச் சாப்பிட்டார். அது வயிற்றைத்தான் கலக்கியது.

"டாக்டரக் காட்டுவோமாங்க?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "எனக்கென்ன கொற?" என்று எரிந்து விழுந்தார். உண்மையைச் சொன்னால் அவள் தன்னை ஓர் ஆம்பளையாகவே மதிக்கமாட்டாள் என்று பயம். எவ்வளவு சண்டை போட்டாலும் அவர் பக்கம் திரும்பியே படுப்பவள், இப்போதெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பாவம், மனிதருக்கு அதுதான் தாங்கவில்லை.

"எந்தச் சாமிக்கு விரதம்?" என்று கேட்டாள் நிரஞ்சனி.

"அம்மனுக்கு. தேர்த் திருவிழா வருதில்ல?"

அம்மனை இழுத்தது பெரிய தப்பு. மறுநாளே வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்தது. மூன்று வேளையும் பருப்பு. அவருடைய பாய் தனியாகக் கூடத்துக்கு வந்தது. நிரஞ்சனி அவரை "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். பக்கத்துக் கடை அப்துல் ஸமத் நானாகூட, "என்ன சாமி, யாவாரம் எப்படி?" என்றார்.

"சும்மா விரதமா, நேர்த்திக்கடனா?" என்று ஒருநாள் நிரஞ்சனி தோண்டினாள்.

"நேர்த்திதான்."

"என்ன நேர்த்தி?"

"காவடி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். தோளில் சின்னதாக ஒன்றைத் தூக்கி நாலு ஆட்டம் ஆடினால் போதும் என்பது அவர் கணக்கு.

அந்த வாரமே காவடிக் கோஷ்டித் தலைவர் நடராஜா வீடு தேடி வந்துவிட்டார்.

"தம்பிக்குப் பறவைக் காவடி போட்டிருக்கேன். முதுகுல, கால்ல கொக்கிய மாட்டி லொறியில தொங்கவிடுவோம். வலிக்கவே வலிக்காது. அம்மன் பாத்துக்குவா."

கொக்கியைக் கிலோக் கணக்கில் விற்றிருக்கிறாரே தவிர, சசிக்குமார் அதை முதுகில் மாட்டி யோசித்ததில்லை. நிரஞ்சனி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒரே ஒரு சட்டம்" என்றார் நடராஜா. "நாப்பது தாண்டினவங்க ரத்தம் சோதிச்சு, ஒடம்பு தாங்கும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கணும்."

சசிக்குமாருக்குப் போன உயிர் திரும்பியது. தாங்காது என்று எழுதி வாங்கிவிட்டால் தப்பித்துவிடலாமே! தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படாதபடி இரத்தோட்டைக்குப் போய், டாக்டர் ஹுஸ்னியைப் பார்த்தார்.

இரத்தச் சோதனை முடிவைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார். "சீனி நல்லாக் கூடியிருக்கு. ப்ரெஷரும்தான். கூச்சப்படாமச் சொல்லுங்க, படுக்கையில ஏதும் கஷ்டம் இருக்கா?"

சசிக்குமார் கதவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு லேகியம் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நெறையப் பேருக்கு வாறதுதான். சீனி கூடினா ரத்தக் குழாயும் நரம்பும் கெடும். சில பேருக்கு அது மொதல்ல அங்கதான் தெரியும். சும்மா விட்டிருந்தா அடுத்தது நெஞ்சுலயே காட்டியிருக்கும். சீனிக்கு மருந்து எடுங்க, சிகரெட்ட விடுங்க, நடங்க. நெஞ்சையும் சோதிச்சிட்டு இதுக்கும் குளிசை தரலாம். அந்த லேகியத்தத் தூக்கி வீசுங்க. முக்கியமா, வீட்ல மறைக்காமச் சொல்லுங்க."

அன்றைக்கே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. நிரஞ்சனி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க நல்லா இருந்தாப் போதும்ங்க. மத்ததப் பொறுமையாப் பாத்துக்கலாம்." இவளிடம் போயா பயந்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மருந்தும் நடையும் வேலை செய்தன. பாய் கூடத்திலிருந்து உள்ளே போனது. சில நாள் சரியாக வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாளில் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே தூங்கிப்போனார்கள். சசிக்குமாருக்கு உலகத்தில் எல்லோர் மீதும் நன்றி பொங்கியது.

தேரன்று தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து எடுத்துக்கொண்டு நடராஜாவைத் தேடிப் போனார்.

"அண்ணே, காவடிக்குத்தான் குடுத்து வைக்கல. ஆனா ஒங்க சட்டம் மட்டும் இல்லாட்டி, நான் டாக்டர் வாசலையே மிதிச்சிருக்கமாட்டேன். என் உசிரு நீங்க போட்ட பிச்சை."

நடராஜா தட்டை மெதுவாக அவர் பக்கமே தள்ளினார்.

"இதக் கொண்டுபோய் நிரஞ்சனித் தங்கச்சிகிட்ட குடுங்க தம்பி. எங்க கோஷ்டியில அப்படி ஒரு சட்டமும் இல்ல, பறவைக் காவடியும் இல்ல; ரெண்டையும் எனக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பினதே அந்தத் தங்கச்சிதான்!"