தேக்கா எனும் தொலைதூரக் கிராமம்

சிங்கப்பூர் நகரின் நட்டநடுவே இருக்கும் தேக்காச் சந்தைப் பகுதியை, மருத்துவமனை எட்டாத கடைக்கோடி என்று படம் போட்டுக் காட்டிய ஒரே மனிதன் நான்தான். (கைதட்ட வேண்டாம்.)

திருச்சியிலிருந்து வந்து ஜூரோங்கில் குடியேறிய புதிது. வேலை ஓர் ஆலோசனை நிறுவனத்தில். தீவுகள் நிறைந்த ஒரு நாட்டின் சுகாதார அதிகாரிகள் எங்களிடம் வந்திருந்தார்கள். எந்த ஊர் மருத்துவமனையிலிருந்து எவ்வளவு ஒதுங்கிக் கிடக்கிறது என்று நாங்கள் தரம் பிரித்துக் கொடுத்தால், எங்கே கூடுதல் நர்ஸுகளை அனுப்புவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். முதலில் சிங்கப்பூரை வைத்துச் சோதித்துக் காட்டச் சொன்னார் மேலாளர் பிலோமினா அக்கா. என் வேலை நிரந்தரமாவது அதை அதிகாரிகளுக்குக் காட்டும் கூட்டத்தில்தான் தொங்கியது. சொதப்பினால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பயண நேரத்தைக் கணினியே சொல்லிவிடும். நான் சும்மா இருப்பேனா? நேரில் அளக்கக் கிளம்பினேன். பிடோக்கும் ஜூரோங்கும் ஒழுங்காக முடிந்தன. தேக்காவுக்கு மட்டும் ஞாயிறு மாலை மனைவி கலாவோடு போனேன், காய்கறியும் வாங்கின மாதிரி இருக்குமே என்று. சந்தை வாசலில் கைப்பேசிக் கடிகாரத்தைத் தட்டிவிட்டேன்.

"ஒரு நிமிஷங்க, முருங்கைக்காய் மட்டும்" என்று கலா உள்ளே போனாள்.

முருங்கைக்காயை மட்டும் வாங்கிக்கொண்டு தேக்காவிலிருந்து திரும்பியவர் யாராவது உண்டா? நான் கடிகாரத்தை மறந்து டீ குடித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே டாக்சி பிடித்து, மடியில் வாழைப்பூவோடு பக்கத்து மருத்துவமனை வாசலில் இறங்கி, பெருமையாகக் கடிகாரத்தை நிறுத்தினேன். (நடந்திருந்தால் டாக்சியை முந்தியிருப்பேன்.)

மறுநாள் கூட்டத்தில், திரையில் இருந்த வரைபடம் முழுக்க 'அருகில்' என்கிற பச்சை. தேக்கா மட்டும் செக்கச்செவேல்.

பிலோமினா அக்கா தன் சிங்கப்பூர் 'லா'வோடு என் பக்கம் சாய்ந்தார். "என்னப்பா இது? காலையில அங்கதான் தோசை சாப்பிட்டேன் லா."

எனக்குப் பொய் வரவில்லை. முருங்கைக்காயிலிருந்து வாழைப்பூ வரை எல்லார் முன்னாலும் ஒப்பித்தேன். அறையே சிரித்தது. நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. உங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர்கள் கரைக்கு வந்த உடனே படகு ஏறிவிடுவார்களா என்று அதிகாரிகளைக் கேட்டார். சிரிப்பு அடங்கியது. பிரசவ வலியோடு வருகிறவர்கள்கூடப் படகுக்காகக் கரையில் அரை நாள் காத்துக் கிடப்பதுண்டு என்றார் வந்தவர்களில் மூத்த பெண்மணி. அவர்கள் தீவுகளுக்கு நாங்கள் போட்டுவைத்திருந்த முதல் கணக்கில் அந்தக் காத்திருப்பு எங்குமே இல்லை. படகு ஓடும் நேரத்தை மட்டுமே சேர்த்திருந்தோம். அதையும் சேர்த்ததும், 'அருகில்' என்று நாங்கள் போட்டிருந்த பல ஊர்கள் சிவப்புக்கு மாறின. நர்ஸுகள் அங்கே போனார்கள்.

கூட்டம் முடிந்ததும் அக்கா சொன்னார்: "வேலை இருக்கு, போ. அடுத்த தடவ கலாவ வீட்டுல விட்டுட்டுப் போ லா."

அன்று அவர் என்னைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்காததால்தான் நாங்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறோம். அந்த நன்றியை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை. அதனால் ஞாயிறுதோறும் அவருக்கும் சேர்த்தே காய்கறி வாங்குகிறோம்.

தேக்காவுக்குக் கிளம்பினாலே மகள் கை நீட்டுவாள்: "அப்பா, ரிமோட் ஏரியா அலவன்ஸ்!"

சந்தை வாசலில் கலா திரும்பிப் பார்ப்பாள். "ஒரு நிமிஷங்க, அக்காவுக்கு முருங்கைக்காய் மட்டும்."

நான் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடப்பேன்.