சூரிச் உணவு ஆலோசனைச் சபையின் அறிக்கை

ஐரோப்பாவின் விலையேறிய நகரம் ஒன்றில் எங்கே சாப்பிடுவது, என்ன சாப்பிடுவது என்ற கேள்வி உலகத்தின் பல அறிஞர்களைத் திணறடித்திருக்கிறது. அதற்கான இறுதி விடை ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில், இக்னேசியஸ் வீட்டு பேஸ்மென்றில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை வரலாறு இன்னும் பதிவுசெய்யவில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துவைப்போம்.

இக்னேசியஸ் சாதாரண மனிதர் அல்ல. பழைய மாணவர் சங்கத்தில் பதினொரு வருடம் செயலாளராக இருந்தவர். அவர் வீட்டில் தண்ணீர்க்குழாய் ஒழுகினால் முதலில் கூட்டம் கூடும். பிறகுதான் பிளம்பர் வருவார். எனவே, முப்பதாவது திருமண ஆண்டு நிறைவுக்கு மனைவி கிளடிஸுடன் ஐந்து நாள் சூரிச் போவது என்று முடிவானதும், 'சூரிச் உணவு ஆலோசனைச் சபை'யை நிறுவினார். தலைவரும் அவரே, செயலாளரும் அவரே. நிபுணர் பதவி அதே நகரின் ரூஜ் பகுதியில் இருக்கும் நண்பர் மகேஸ்வரனுக்குப் போனது.

மகேஸ்வரனின் தகுதியை யாரும் கேள்வி கேட்க முடியாது. மூன்று தடவை சுவிஸ் போனவர். மூன்று தடவையும் மச்சான் வீட்டில் படுத்து, மச்சான் வீட்டிலேயே சாப்பிட்டு வந்தவர். ஆனாலும் சூரிச்சில் உணவகங்கள் உண்டு என்பதற்கு அவர் கண்கண்ட சாட்சி. இரண்டை வெளியே நின்று பார்த்திருக்கிறார். ஒன்றினுள் அவசரத்துக்கு ஒதுங்கியும் இருக்கிறார்.

மூன்றாவது உறுப்பினர் கிளடிஸ். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பகல் முழுக்க நூற்றிருபது பேருக்குச் சமைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் அடுப்படியில் நிற்கிறவர். முதலாவது கூட்டத்தில் அவர் தமது கோரிக்கையை வைத்தார்.

"எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம். ஒருநாள், ஒருநேரம், ஆரோ சமைச்சு ஆரோ கொண்டுவந்து வைக்க, நான் இருந்து சாப்பிடோணும். அவ்வளவுதான்."

"நல்ல கோரிக்கை," என்றார் தலைவர். "செயலாளர் குறிச்சுக்கொள்ளுவார்."

செயலாளர் குறித்துக்கொண்டார்.

மகள் ஜூலி கூட்டம் எதுவும் கூட்டாமல், ஏரிக்கரை உணவகம் ஒன்றில் வியாழன் மாலை ஏழு மணிக்கு இருவருக்கு மேசை பதிவுசெய்தாள். இளந்தலைமுறைக்கு நடைமுறைகள் தெரிவதில்லை. கிளடிஸ் அந்த மாலைக்கென்று கடுநீலச் சட்டை ஒன்று வாங்கினார். வேலையிடத்தில் பிரேக் கிடைக்கும்போதெல்லாம் போனில் அந்த உணவகத்தின் பட்டியலைத் திறந்து, வாயில் நுழையாத பெயர்களை மெல்லச் சொல்லிப்பார்த்தார்.

இரண்டாவது கூட்டத்தில் சுவிஸ் மக்களின் உணவுப் பழக்கம் ஆழமாக ஆராயப்பட்டது.

"உந்த ஃபொண்டூ எண்டுறது என்ன?" என்று கேட்டார் இக்னேசியஸ்.

"சீஸை உருக்கி வைப்பாங்கள் அண்ணை. அதுக்குள்ளை பாணைத் தோய்ச்சுத் தின்னுறது," என்று விளக்கினார் மகேஸ்வரன்.

"கறி?"

"கறி இல்லை."

"சம்பல்?"

"சம்பலும் இல்லை அண்ணை."

பாதிக்கப்பட்ட சுவிஸ் மக்களுக்கு அனுதாபம் தெரிவிக்கப்பட்டது. பிறகு மகேஸ்வரன் அதன் விலையைச் சொன்னார். இக்னேசியஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் காசுக்கு இஞ்சை நூறு மரக்கறி றோல்ஸ் வாங்கலாமே!"

"நூறில்லை அண்ணை. மொத்தமா எடுத்தா நூற்றிப்பத்துத் தருவான்."

நூற்றிப்பத்து றோல்ஸைக் குளிரூட்டிக் கொண்டுபோவதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. சபையின் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாகவே நிறைவேறின. கிளடிஸ் தேத்தண்ணி போட மேலே போகும் நேரம் பார்த்து வாக்கெடுப்பு நடத்துவது நல்லதொரு மரபாக உருவாகியிருந்தது.

மூன்றாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது சூரிச்சிலிருந்து அழைப்பு வந்தது. இக்னேசியஸின் சித்தப்பா மகன் அகஸ்ரின். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அண்ணை, வாறியளாம். சாப்பாடு எங்கை?"

"அங்கை கடையளிலை பாப்பம் எண்டு..."

"கடையிலையோ? அப்ப நாங்கள் இஞ்சை செத்தே போனம்?"

இந்தக் கேள்விக்கு எந்தச் சபையாலும் பதில் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற வீட்டிலும் சாப்பிட வேண்டும். ஒரு வீடு தப்பிப்போனால் அந்த வீட்டார் அடுத்த கலியாணத்துக்கு வரமாட்டார்கள். வந்தாலும் முகம் கொடுக்கமாட்டார்கள். ஐந்து நாளில் பதினைந்து நேரச் சாப்பாடு. உறவினர் வீடுகளோ பதினெட்டு. இக்னேசியஸ் மனம் தளரவில்லை. அட்டவணை கீறினார். நான்கு நாட்களுக்குக் காலைச் சாப்பாடு இரண்டு 'ஷிப்ற்' ஆனது. ஏழரைக்கு ஒரு வீட்டில் இடியப்பம், ஒன்பதுக்கு இன்னொரு வீட்டில் பிட்டு. இப்படி எல்லா வீட்டையும் அடக்கிய பின்னும் வியாழன் மாலைக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. ஸ்பீக்கரில் அட்டவணையைக் கேட்டுக்கொண்டிருந்த அகஸ்ரினுக்கு அந்த வெறுமை பொறுக்கவில்லை.

"வியாழன் பின்னேரம் எல்லாரையும் எங்கட வீட்டை கூப்பிடுறன் அண்ணை. அண்ணியின்ர கையால ஒடியல் கூழ் குடிச்சு எத்தினை வருசம்! அண்ணி அந்தப் பனங்கிழங்கு மாவை மட்டும் கொண்டுவரட்டும். நண்டு, றால், மீன் எல்லாம் நான் வாங்கி வைக்கிறன்."

கிளடிஸ் தேத்தண்ணித் தட்டுடன் படியில் நின்றார். இக்னேசியஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீரே கிளடிஸ்? சூரிச்சிலையும் உமக்குப் பேர் இருக்கு!"

"அண்டைக்கு ஏழு மணிக்கு மேசை இருக்கெல்லே?"

"மேசை எங்கையும் ஓடாது. சொந்தக்காரர் கோவிச்சால்?"

ஜூலிக்கு விசயம் தெரிந்ததும் நேரே பேஸ்மென்றுக்கு இறங்கி வந்தாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? அம்மா கேட்டது வன் டின்னர். ஜஸ்ற் வன்!"

"பிள்ளை, இது சபையின்ர முடிவு. என்ர கையிலை ஒண்டுமில்லை."

தலைவர் இப்படிச் சொன்னதைச் செயலாளரும் உறுதிப்படுத்தினார்.

பயணம் திட்டமிட்டபடி நடந்தது. வியாழன் மாலை ஏழு மணிக்கு, அகஸ்ரின் வீட்டில் நாற்பத்தொரு பேர் கூழுக்காகக் காத்திருந்தார்கள். கிளடிஸ் கடுநீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார். அதற்கு மேலே இரவல் ஏப்ரன். இக்னேசியஸ் பத்துப் படம் எடுத்தார். ஒன்பதில் பெரிய பானை இருக்கிறது. ஒன்றில் பானையும் அகப்பை பிடித்த ஒரு கையும் இருக்கின்றன. எல்லோரும் குடித்து முடித்தபோது பானையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கிளடிஸ் ஒரு துண்டுப் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுவதை இக்னேசியஸ் கண்டார். பாவம் என்று உண்மையாகவே நினைத்தார். அதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்றும் எண்ணினார். அதற்குள் யாரோ கைகுலுக்க வந்ததால் மறந்துபோனார்.

ரொறன்ரோ திரும்பிய இரண்டாம் ஞாயிறு பொதுக்கூட்டம். பேஸ்மென்ற் நிறைய ஆட்கள். அடுத்த மாதம் மகேஸ்வரனும் மனைவி குணவதியும் சூரிச் போகவிருந்ததால் அவர்களுக்கு முன்வரிசை. இக்னேசியஸ் திரையில் பானையைக் காட்டி, அறிக்கையைக் கம்பீரமாக வாசித்தார்.

"சூரிச்சில் சாப்பிடச் சிறந்த இடம், எமது உறவுகளின் இல்லம். சிறந்த உணவு, ஒடியல் கூழ். சூரிச்சில் உணவுச் செலவு, பூச்சியம்."

கைதட்டல் ஓய்வதற்குள் கிளடிஸ் தட்டுடன் கீழே வந்தார். குணவதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. எந்தச் சாப்பாடு திறம்?"

"அவவும் அதைத்தான் சொல்லுவா," என்று இக்னேசியஸ் பேனையை எடுத்தார்.

"பிளேனிலை தந்தது," என்றார் கிளடிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"பகிடி இல்லை. ஒரு பிள்ளை பக்கத்திலை வந்து, உங்களுக்குக் கோழி வேணுமோ, மரக்கறி வேணுமோ எண்டு என்னைக் கேட்டது. நான் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து வைச்சுது. சாப்பிட்டு முடியத் தட்டையும் தானே எடுத்துக்கொண்டு போனது."

சிரிப்பு நின்றுவிட்டது. இக்னேசியஸ் மட்டும் ஒரு செயலாளருக்குரிய நிதானத்துடன், தகவலைச் சரிபார்க்கும் நோக்கில் கேட்டார்.

"போகேக்கையோ, வரேக்கையோ? போகேக்கையும் கேட்டவைதானே?"

"போகேக்கை எனக்கும் சேத்து நீங்கள்தானே சொன்னீங்கள்," என்றார் கிளடிஸ். "வரேக்கை நீங்கள் நித்திரை."