வெள்ளிக்கிழமைச் சோதனை

"இது யாரோட துப்பாக்கி?" என்று கேட்டார் போலீஸ் அதிகாரி.

கோபாலசாமி ஸ்டியரிங்கை விடாமலே திரும்பிப் பார்த்தான். பின் சீட்டில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி, மூன்றாவது ஆள் மாதிரி சாவகாசமாகப் படுத்திருந்தது. அதன் வாய் நேராக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷார்ஜாவிலிருந்து இவ்வளவு தூரமும் அது அப்படித்தான் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னுது இல்ல சார்," என்றான் அரபியில். அஜ்மானில் ஒரு லாண்டரிக்கு ஒன்பது வருடம் வேன் ஓட்டியதில் அவனுக்கு அரபி நன்றாகவே வரும். பயத்தில் அந்த ஒரு வரிதான் வந்தது.

"என்னுடையது," என்றார் பக்கத்து சீட்டிலிருந்த அர்பாப். முதலாளியை அங்கே எல்லா டிரைவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுபது வயது, வெள்ளைத் தாடி. ஷார்ஜாவில் பெரிய வீடு; அதில் அவரும் ஒரு சமையல்காரரும் மட்டும். தைத் பக்கம் ஒரு தோட்டம் இருந்தது. அங்கே பயிரைக் கொத்தும் புறாக்களைச் சுட லைசென்ஸும் வைத்திருந்தார். கோபாலசாமி வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதத்தில் அவர் துப்பாக்கியை வெளியே எடுத்தது அன்றைக்குத்தான். போலீஸ் அந்த ரோட்டில் வெள்ளிக்கிழமை சோதனை போட ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். தன் நேரம் அப்படி என்று கோபாலசாமி நினைத்துக்கொண்டான்.

அதிகாரிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மடிப்புக் கலையாத சீருடை. பக்கத்தில் மீசைக்குள் சிரித்தபடி ஒரு பலூச்சி கான்ஸ்டபிள். துப்பாக்கியை வெளியே எடுத்து, குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்து, மடக்கித் திறந்தார்கள். உள்ளே தோட்டா இல்லை. ஆனால் தோட்டாப் பெட்டி பக்கத்திலேயே வாய் திறந்து கிடந்தது.

"ஹாஜி, துப்பாக்கிய வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி தொறந்து பார்க்கணும். காலியா இருக்கணும். உறைக்குள்ள போடணும். தோட்டா தனியா, பூட்டின பெட்டியில, டிக்கியில இருக்கணும். லைசென்ஸ் கையில இருக்கணும். லைசென்ஸ்காரர் கூடவே இருக்கணும். புரியுதா?"

"மறுபடி சொல்லு," என்றார் அர்பாப்.

அதிகாரி மறுபடி சொன்னார்.

"காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை."

மூன்றாம் முறையும் சொன்னார். கோபாலசாமிக்கு ஆச்சரியமாக இருந்தது. மாடியில் இருந்துகொண்டே, கீழே சமையலறையில் கரண்டி விழுந்தால் கேட்கிற மனிதர் அவர்.

எச்சரித்து விட்டுவிட்டார்கள். தோட்டத்துக்குப் போய் அர்பாப் ஒரு டீ குடித்தார். புறாக்கள் அவர் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்றையும் சுடாமல் திரும்பி வந்துவிட்டார்.

கோபாலசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒன்பது வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டியவனுக்கு ஒரு விஷயம் தெரியும். தப்பு யாருடையதாக இருந்தாலும் முதலில் டிரைவரின் பத்தாக்காவைத்தான் கேட்பார்கள். அந்த அடையாள அட்டையை ஒருவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிற அந்த அரை நிமிடத்தில், ஊரும் வீடும் விசாவும் அவர் விரல் நுனியில் தொங்கும். அர்பாப் செய்ய மாட்டார் என்றால் தானே எல்லாவற்றையும் சட்டப்படி செய்துவிடுவது என்று முடிவெடுத்தான்.

முவைலாவில் அவனுக்குத் தெரிந்த தையல்காரர் செய்கு முகம்மது. கீழக்கரைக்காரர்.

"துப்பாக்கிக்கு உறையா? அளவு கொண்டாந்தியா?"

"துப்பாக்கிய எப்படி பாய் பஸ்ஸுல கொண்டு வர்றது? என் நெஞ்சு உசரம் வரும். அதை வச்சுத் தைங்க."

செய்கு முகம்மது அவன் நெஞ்சுக்கு டேப் பிடித்தார். கடையில் கனமான துணி என்று இருந்தது, யாரோ சோபாவுக்குத் தைத்து மிச்சமான ரோஜாப்பூப் போட்ட வெல்வெட்தான்.

"பூ கொஞ்சம் பெருசா இருக்கே, பாய்."

"உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது? கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருக்கும். எடுத்துட்டுப் போ."

அடுத்த வெள்ளிக்கிழமை துப்பாக்கி ரோஜாப்பூ உறைக்குள் இருந்தது. தோட்டாக்கள் பழைய பிஸ்கட் டின்னில், டிக்கியில் இருந்தன. கோபாலசாமி நிம்மதியாக வண்டியை நிறுத்தினான். கான்ஸ்டபிள் உறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று இருமினார். அதிகாரி சிரிக்கவில்லை. உறையைத் திறந்தார், மூடினார். டின்னைத் திறந்தார், மூடினார். தலையசைத்தார்.

அந்த நேரம் பார்த்து அர்பாப் வியர்வை துடைக்க அங்கியின் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே இரண்டு தோட்டாக்கள் தார் ரோட்டில் விழுந்து உருண்டன.

"ஹாஜி!"

"ஓ, இதுவா? கிளம்பறப்ப பேரீச்சம்பழம்னு நினைச்சு டின்னைத் தொறந்தேன்."

மறுபடி அத்தனை விதிகளும் ஒன்றிலிருந்து ஆரம்பமாயின. இந்த முறை கால் மணி நேரம். அர்பாப் நடுநடுவே சந்தேகம் வேறு கேட்டார். "டிக்கி இல்லாத வண்டியா இருந்தா என்ன செய்யறது? ஒட்டகத்துல போனா?" அதிகாரி பல்லைக் கடித்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒட்டகத்துக்கும் சொன்னார்.

மூன்றாவது வாரம் கோபாலசாமி பிஸ்கட் டின்னை விட்டுவிட்டுப் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வாங்கினான். சாவியைத் தன் அரைஞாண் கயிற்றிலேயே கட்டிக்கொண்டான். அர்பாப் வழியில் இரண்டு தரம் சாவி கேட்டார். காதில் விழாத மாதிரி ஓட்டினான். சோதனைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அர்பாப் அவன் தோளைத் தட்டினார்.

"நிறுத்து. கால் மரத்துப்போச்சு. நான் நடந்து வர்றேன். நீ முன்னால போ."

"வெயில்ல எப்படி அர்பாப்..."

"யல்லா, போ!"

போனான். கண்ணாடியில் வெள்ளை அங்கி சின்னதாகிக்கொண்டே வந்தபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் அதிகாரி கையை நீட்டிவிட்டார்.

"லைசென்ஸ்காரர் எங்க?"

"பின்னால... நடந்து வர்றார்."

"அப்போ இப்ப இந்தத் துப்பாக்கியக் கொண்டு வர்றது யாரு? நீயா?"

கோபாலசாமி வாயைத் திறந்தான். ஆமாம் என்றால் குற்றம். இல்லை என்றால் பொய். இரண்டுக்கும் நடுவில் அரபியில் ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடினான். பத்தாக்காவை வாங்கிக்கொண்டு அவனை ரோட்டோரம் உட்கார வைத்தார்கள்.

அர்பாப் வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அதிகாரி அதுவரை ஓரிடத்தில் நிற்கவில்லை. நாலு தரம் ரோட்டுக்கு நடுவில் போய்க் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். கிழவர் வந்ததும் சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே கூடாரத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டார். தண்ணீரும் கொடுத்தார். அரை மணி நேரம் இருவரும் வாக்குவாதம் செய்தார்கள். அர்பாப் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

கடைசியில் அதிகாரி பத்தாக்காவைக் கோபாலசாமியிடம் நீட்டி, "இன்னொரு தடவை இப்படி நடந்தா நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்," என்றார்.

அன்று சாயங்காலம் போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசினான்.

"துப்பாக்கியா?" என்று அலறினாள் அவன் மனைவி பஞ்சவர்ணம். "டிரைவர் வேலைன்னுதானே போனீங்க?"

"டிரைவர்தான். அர்பாப் புறா சுடப் போறாரு. நான் வண்டி ஓட்டுறேன்."

"எத்தனை சுட்டாரு?"

"ஒண்ணும் சுடல."

"சுடாததுக்கு எதுக்குத் துப்பாக்கி? உங்கள மாட்டி விடத்தான். எதும் ஆச்சுன்னா நான் ஊருல என்னன்னு சொல்லுவேன்? பேசாம லாண்டரிக்கே திரும்பப் போயிருங்க."

"பார்க்கலாம்," என்று போனை வைத்தான். கிழவர் மோசமானவர் இல்லை. தான் சாப்பிடுகிற அதே மீனை அவனுக்கும் கொடுக்கச் சொல்வார். அவன் மகளின் பெயரை ஞாபகம் வைத்து, போன் பேசினாளா என்று விசாரிப்பார். அப்படிப்பட்டவர் தன்னை ஏன் மாட்டி விட வேண்டும்? யோசித்து யோசித்து, வயசானால் சிலருக்கு இப்படி ஒரு பிடிவாதம் வரும் போல என்ற முடிவுக்கு வந்தான்.

நாலாவது வெள்ளிக்கிழமை அவன் தயாராக இருந்தான். விதிகளைத் தமிழில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்தான். துப்பாக்கியைத் திறந்து பார்த்து, உறையில் போட்டுக் கயிறு கட்டினான். தோட்டாப் பெட்டியைப் பூட்டினான். டிவி மேல் 'மறந்து' வைக்கப்பட்டிருந்த லைசென்ஸை அர்பாப் செருப்புத் தேடும்போது எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பாதி வழியில் அர்பாப் தொடையைத் தட்டிக்கொண்டார். "அடடா, லைசென்ஸை விட்டுட்டேன். சரி, பரவாயில்ல, போ."

"என்கிட்ட இருக்கு, அர்பாப்."

அர்பாப் அவனை முறைத்தார். சிறிது நேரம் கழித்து, "நிறுத்து. நடக்கணும்," என்றார்.

"இந்த ரோட்டுல நிறுத்தக் கூடாது, அர்பாப்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முதலாளியை அவன் நேருக்கு நேர் மறுத்துப் பேசியிருந்தான். சோதனை வரைக்கும் நிறுத்தவே இல்லை.

அதிகாரி உறையைப் பார்த்தார். துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். லைசென்ஸை வாங்கி, அதில் புதிதாக ஏதோ எழுதியிருப்பது போல வெகுநேரம் படித்தார். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. "யார் செஞ்சது?"

"டிரைவர்," என்றார் அர்பாப், புகார் கொடுப்பது போல.

"தண்ணி வச்சிருக்கீங்களா, ஹாஜி?"

"அதையும் வச்சிருக்கான்."

அதிகாரி கோபாலசாமியை, ஏதோ குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் கை ஜன்னல் விளிம்பிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ஹலாஸ், முடிஞ்சது," என்றார். "போகலாம்."

மொத்தம் நாலு நிமிடம். கோபாலசாமிக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. அர்பாப் ஒரு வார்த்தையாவது பாராட்டுவார் என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் வெளியே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துக்கு வேணாம்," என்றார் கொஞ்ச தூரம் போனதும். "வீட்டுக்குத் திருப்பு."

திருப்புவதற்கு முன் பெட்ரோல் பங்கில் நிறுத்தி இறங்கினான். பின்னாலேயே போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. பலூச்சி கான்ஸ்டபிள் இறங்கி வந்தார். கையில் அர்பாபின் லைசென்ஸ்.

"ஆபீஸர் திருப்பிக் கொடுக்க மறந்துட்டார், பாய்," என்றார் இந்தியில்.

"எல்லாம் கரெக்டா இருந்துச்சுல்ல?" என்று கேட்டான் கோபாலசாமி. நாலு வாரத்தில் முதல் முறையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. "இனிமே ஒரு வெள்ளிக்கிழமையும் எங்களால உங்களுக்குத் தொந்தரவு வராது."

வண்டிக்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த கிழவரைக் கான்ஸ்டபிள் ஒரு தரம் பார்த்தார். பிறகு லைசென்ஸைக் கோபாலசாமியின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மடக்கி மூடினார்.

"துப்பாக்கிய நல்லா உறையில போடு, தோட்டாவப் பூட்டி வை, ஆனா அடுத்த வாரம் இத மட்டும் தயவுசெஞ்சு வீட்டுல விட்டுட்டு வா, பாய்," என்றார் மெல்ல. "எங்க ஆபீஸர் அவரோட மகன், நாலு வருஷமாப் பேச்சே இல்லாதவங்க, இப்ப இந்தச் சோதனையிலதான் பேசிக்கிறாங்க."