கண் மட்டத்தில் ஓர் அறிவிப்பு

மனுக்காரர் பாதி முகத்தில் சவர நுரையோடு சபதம் எடுத்தார். தம் உடலில் உயிர் இருக்கும்வரை தெருமுனை மணிக்கூண்டின் ஒரு செங்கல்லைக்கூட எவனும் தொட முடியாது என்றார். முகத்தை முழுக்க மழித்துவிட்டு நிதானமாகச் சபதம் எடுத்திருக்கலாம். ஆனால் ஆவேசம் வந்துவிட்டால் அவருக்கு எதிரே இருக்கும் கண்ணாடிகூடத் தெரியாது.

சேதி கொண்டுவந்தவர் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். எழுபது வருஷத்து மணிக்கூண்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் பன்னிரண்டு கார் நிறுத்த நகரசபை திட்டம் போட்டிருக்கிறதாம். பதினைந்து நாளைக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டதாம். எங்கே? கூண்டின் பின்பக்கம், இரண்டு ஆள் உயரத்தில், பக்கத்து மதில் சுவரைப் பார்த்தபடி. ஒட்டகச்சிவிங்கி ஏதாவது பின்னோக்கி நடந்து வந்தால் படிக்கலாம் என்றார் தபால்காரர்.

மனுக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. தெருவிளக்கு, சாக்கடை மூடி, சாய்ந்த கம்பம் என்று இதுவரை நகரசபைக்கு நாற்பத்தோரு மனு போட்டிருக்கிறார். நாற்பத்தொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ எல்லாவற்றையும் துளை போட்டு ஒரு பச்சைக் கோப்பில் கோத்து வைத்திருந்தார்.

“யாரும் பார்க்காத இடத்துல ஒட்டிட்டு, யாரும் ஆட்சேபிக்கலேன்னு சொல்லுவாங்களாம். இதுக்குப் பேரு என்ன தெரியுமா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“என்னங்க பேரு?”

“அயோக்கியத்தனம்.”

“அப்படியா?” என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. “சோப்பு காயுது பாருங்க.”

அவள் தையல்காரி. வீட்டின் பின்கட்டில், வடக்கே பெரிய ஜன்னல் வைத்த ஓர் அறையில் இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்தாலும் கண் வலிக்காத வெளிச்சம் அந்த ஜன்னலில் வரும். மனுக்காரரின் அப்பா நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டிய அறை அது.

இங்கேதான் ஒரு சங்கடம். மனுக்காரர் ஆறு மாதத்துக்கு முன் ஒரு கார் வாங்கியிருந்தார். பழைய கார்தான். ஆனால் அவருக்கு அது பட்டத்து யானை. அது வாசல் மரத்தடியில் நின்றது. ஊரிலுள்ள காக்கைகள் எல்லாம் எங்கெங்கோ சாப்பிட்டுவிட்டு மற்ற காரியத்துக்கு அந்த மரத்துக்கு வந்தன. காருக்கு ஒரு கொட்டகை வேண்டும். கொட்டகைக்கு இடம் வேண்டும். இடம் என்றால் பின்சந்தை ஒட்டிய அந்தப் பின்கட்டு அறைதான். தையல் இயந்திரத்தை நடையில் போட்டுக்கொள்ளேன் என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பேச்சு அங்கேயே செத்தது.

மனுக்காரருக்கு விதிகள் அத்துபடி. அறையை இடிக்க நகரசபையில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அவர்கள் தரும் அறிவிப்பைப் பதினைந்து நாள் வீட்டில் ஒட்டி வைக்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். இந்தச் சபதத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்தார். அறிவிப்பையும் ஒட்டினார். வாசல் சுவரில், தண்ணீர் மீட்டர் பெட்டிக்குப் பின்னால், படர்கொடிக்கு உள்ளே, முழங்கால் உயரத்தில். ஒட்டிவிட்டுக் கொடியை ஒருமுறை நன்றாகச் சீவியும் விட்டார்.

மணிக்கூண்டு விஷயத்தில் கொதித்தபோது இது அவருக்கு ஞாபகமே வரவில்லை. அது ஊர்ப் பிரச்சினை, இது வீட்டு விஷயம்.

அந்த வாரம் தண்ணீர் மீட்டர் பார்க்கிற பெண் வந்தாள். வழக்கமாக ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறவள், அன்று பின்கட்டில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்கிறாள் போலிருக்கிறது என்று மனுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மனைவி தானாகவே வந்து, நகரசபையில் படிக்கப்போகிற மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றாள். அவருடைய கையெழுத்து, மைக்குள் விழுந்த எறும்பு வெளியே வந்து நடந்த மாதிரி இருக்கும். அவளுடையது முத்து. அவர் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நடந்துகொண்டே சொல்ல, அவள் எழுதினாள்.

“கண் மட்டத்துல ஒட்டணும்னு சொல்றீங்களே, யாரு கண் மட்டம்?”

“இடிச்சா யாரு பாதிக்கப்படறாங்களோ அவங்க கண் மட்டம். இதைக்கூடவா சொல்லணும்?”

“சொல்லிட்டா நல்லதுங்க. அப்புறம், ‘நகரசபை’ன்னு மட்டும் போட்டா எப்படி? நாளைக்கு வேற யாராவது இடிக்கக் கிளம்பினா? ‘இடிக்க நினைக்கும் எவரும்’னு போடட்டுமா?”

மனுக்காரர் நடையை நிறுத்திவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக இந்த மூளையைச் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்க விட்டுவிட்டோமே என்று தோன்றியது.

“போடு, போடு. எடுப்பா இருக்கு.”

“பழைய கட்டடம்னா எத்தனை வருஷம்?”

“அறுபது.”

“நாற்பதுன்னு வெச்சா இன்னும் நாலு கட்டடம் பிழைக்கும்.”

“நாற்பதுன்னே போடு.” ஊருக்கு வாரி வழங்கும் மனநிலையில் இருந்தார்.

“அதுல தினமும் புழங்கறவங்க எழுதிக் கொடுத்தாத்தான் இடிக்கலாம்னு ஒரு வரி?”

“அடடா. அதை ரெண்டு தடவை கோடு போட்டு எழுது.”

வெள்ளிக்கிழமை நகரசபை மண்டபம் நிரம்பி வழிந்தது. தபால்காரர் வீடு வீடாகத் தட்டி ஆளைக் கூட்டி வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் மனைவி, பக்கத்தில் மீட்டர் பெண். இயந்திரத்திலிருந்து அப்படியே எழுந்து வந்தவள்போல மனைவியின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதை எடுத்துவிட்டு வரக்கூடாதா என்று மனுக்காரருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஒட்டச் சொல்லித்தான் விதி இருக்கிறது, உயரம் எதுவும் சொல்லவில்லை என்று தலைவர் வாதாடினார். மனுக்காரர் எழுந்தார். ஒட்டினோமா என்பது கேள்வியல்ல, படிக்க வேண்டியவர் படித்தாரா என்பதுதான் கேள்வி என்று தொடங்கினார். மறைத்து ஒட்டிய அறிவிப்பு செல்லாது என்றார். கடைசி வரிக்கு வந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மண்டபத்திலிருந்த கூட்டத்தை உறுப்பினர்கள் ஒருமுறை பார்த்தார்கள், அடுத்த தேர்தலை ஒருமுறை நினைத்தார்கள், கை தூக்கினார்கள். மனுவில் இருந்தது அப்படியே தீர்மானமாக நிறைவேறியது. மணிக்கூண்டு பிழைத்தது.

தலைவர் முகம் சுண்டிப்போயிருந்தது. முன்னாலிருந்த காகிதத்தைப் புரட்டினார். அடுத்த பொருளைப் படித்தார். சுண்டிய முகம் மெல்ல மலர்ந்தது.

“ஐயா, ஒரு சின்ன சந்தேகம். இந்தத் தீர்மானத்துல எவரும்னா, எவரும்தானே?”

“எவரும்தான்,” என்றார் மனுக்காரர். “நானே ஆனாலும் சரி.”

கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு எழுத்தர் அடுத்த பொருளை வாசித்தார்: பின்கட்டு அறையை இடித்துக் கார் கொட்டகை அமைக்க அனுமதி கோரும் விண்ணப்பம். விண்ணப்பித்தவர் பெயரையும் வாசித்தார். கூட்டத்தில் யாருக்கும் அது யாரென்று தெரியவில்லை. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மனுக்காரரும் பார்த்தார், வேறு யாராவது எழுந்து நிற்க மாட்டார்களா என்று.

மூன்றாவது வரிசையில் மனைவி எழுந்து நின்றாள்.

“அது எங்க வீட்டுக்காரர் பேருங்க. நான் ஆட்சேபிக்கிறேன்.”

மீட்டர் பெண் சாட்சி சொன்னாள். பெட்டிக்குப் பின்னால், கொடிக்குள்ளே இருந்ததாம். மண்டி போட்டு, டார்ச் அடித்துப் படித்தாளாம். மனைவி கழுத்திலிருந்த நாடாவைக் கையில் எடுத்தாள்.

“தரையிலேர்ந்து பதினெட்டு அங்குலம். என் கண் மட்டம் ஐம்பத்தெட்டு. ரெண்டையும் அளந்துட்டேன். அறைக்கு வயசு நாற்பத்துமூணு. தினமும் புழங்கறது நான். அவர் இப்ப சொன்ன எல்லாத்தையும் நான் ஆதரிக்கிறேங்க.”

“இப்படி மறைச்சு ஒட்டறதுக்கு ஏதோ பேரு சொன்னாரேம்மா உங்க வீட்டுக்காரர், தெருவெல்லாம்?” என்று தலைவர் குழைந்தார்.

“அதை இங்க வேண்டாங்க,” என்றாள் அவள். “வீட்டு விஷயம்.”

பழைய அறிவிப்பு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. வேண்டுமானால் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த அம்மா எழுதிக் கொடுத்தால்தான் அறையைத் தொடலாம். தபால்காரர் தம் நண்பருக்காக வருத்தப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார். சிரித்துத் தொலைத்துவிட்டார்.

மறுநாள் மனுக்காரர் தையல் அறைச் சுவரில், தரையிலிருந்து சரியாக ஐம்பத்தெட்டு அங்குலத்தில், புதிய அறிவிப்பை ஒட்டினார். நாடாவை அவளே பிடித்துக்கொண்டாள். கூடவே, அறையை இடிக்கச் சம்மதம் கேட்டு அவளுக்கு ஒரு மனுவையும் பணிவாக எழுதி, இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

நாலாம் நாள் காரைப் பார்க்கப் போனவர் அசந்து நின்றார். மேலிருந்து சக்கரம்வரை அதற்கு ஓர் உறை போட்டிருந்தது. வெட்டி மிஞ்சிய துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது. பூப்போட்டது, கோடு போட்டது, குஞ்சம் வைத்தது என எல்லாம் இருந்தன. அளவு அச்சு அசல். காக்கைகள் திகைத்துப்போய் வேறு மரம் பார்த்துக்கொண்டிருந்தன.

உறையின் முன்பக்கம், அவர் கண் மட்டத்தில், முத்து முத்தான கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’

மனுக்காரர் அதை எடுத்து, துளை போட்டு, பச்சைக் கோப்பில் நாற்பத்திரண்டாவதாகக் கோத்து வைத்தார்.