இருபத்தோராம் நாள்

“கடைசி நாள்னு ஒண்ணு இருந்தா, அதுக்கு முன்னாடி இருக்குற நாளெல்லாம் எதுக்குப்பா?”

மகள் கவியா ஒருமுறை இப்படிக் கேட்டபோது சிவபாலன் சிரித்தார். நவம்பர் ஒன்றாம் தேதி காலை, காரைக்காலில் பூட்டிய வங்கியின் முன்னால் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

அவர் கையிலிருந்த உறையில், துபாய்க்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கண்டெய்னர் கணவாய் மீனின் காகிதங்கள் இருந்தன. கப்பல் கிளம்பிய இருபத்தோரு நாளுக்குள் அவற்றை இந்தக் கிளையில் கொடுத்தால்தான் வாங்குபவரின் வங்கி பணம் தரும். எல்.சி. எனும் வங்கி உத்தரவாத ஒப்பந்தம் அப்படி. இன்று இருபத்தோராம் நாள். நாகூரிலிருந்து தினமும் வந்துபோகும் சிவபாலன் இந்த ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

“லீவு சார். விடுதலை நாள்,” என்றார் காவலாளி.

“அதான் ஆகஸ்ட்லயே கொண்டாடியாச்சேண்ணே.”

“அது இங்கிலீஷ்காரன் போனது. பிரெஞ்சுக்காரன் எங்களை விட்டது இன்னைக்கு. உங்க நாகூர்ல வேலை நாளு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டா லீவு.”

அப்படியானால் அதே வங்கியின் நாகூர்க் கிளை திறந்திருக்கும். சிவபாலன் வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். அங்கே அதிகாரி தமிழரசி பரிவோடு உறையை வாங்கினார். “கவலைப்படாதீங்க, நானே காரைக்காலுக்கு அனுப்பிடறேன்,” என்று தபால் பையில் போட்டு முத்திரை வைத்தார்.

சிவபாலன் கைகூப்பினார். “சாயங்காலம் போயிடுமா மேடம்?”

“சென்னை போயித்தான் வரும். நாலு நாள் ஆகும்.”

சிவபாலன் உறையைத் திரும்பக் கேட்டார். பையைப் பிரிக்க இரண்டு அதிகாரிகள் வேண்டுமாம். மற்றவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர்.

ஒருவழியாக உறையை மீட்டுக்கொண்டு மூன்றரை மணிக்கு, தலத்தெருவில் காரைக்கால் கிளை மேலாளர் ஆரோக்கியஜோசப்பின் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி சலோமி எட்டிப் பார்த்தாள்.

“அவரு கல்லறையில இருக்காருங்க.”

சிவபாலன் அவசரமாகச் செருப்பைக் கழற்றினார். “எப்பம்மா ஆச்சு?”

“காலையில போனவரு. நாளைக்குக் கல்லறைத் திருநாள்ல? அவங்க அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாரு.”

கல்லறைத் தோட்டத்தில் மேலாளர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பாதிக் கல்லறை வெள்ளை, மீதி பாசி.

“சார், இன்னைக்கே வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து மட்டும்.”

“இங்க உக்காந்து பாங்க் நடத்தச் சொல்றீங்களா? எல்.சி. எல்லாம் ஜெர்லின் மேடம்தான் பாப்பாங்க. அவங்களும் ஊர்ல இல்ல. சரி, குடுங்க பாப்போம்.”

வாங்கிப் பார்த்தார். கப்பல் கம்பெனி கொடுத்த அசல் ரசீதின் மேல் ஐந்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்தன. சிவபாலன் பதறிப் பாய்ந்து பிடுங்க, கால் பட்டு வாளி கவிழ்ந்தது. சுண்ணாம்பு முழுதும் மண்ணுக்குப் போயிற்று.

ஆரோக்கியஜோசப் கோபப்படவில்லை. “விடுங்க, அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு,” என்றார். பூசைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் சிவபாலனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து துபாய் கம்பெனிக்கு மெயில் அடித்தார். அங்கிருந்து வரும் பதில்களில் ஆள் பெயரே இருக்காது, ‘ஆவணப் பிரிவு’ என்று மட்டும் இருக்கும். எங்கள் தவறால் காகிதங்கள் தாமதமாகிவிட்டன, ஏற்றுக்கொண்டால் விலையில் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்கிறோம் என்று எழுதி அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் முதலாளி செம்பியனைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. ஐந்து சதவீதம் என்பது சிவபாலனின் இரண்டு வருடச் சம்பளம்.

போன் செய்து உண்மையைச் சொன்னார்.

முதலாளி முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, “நாளைக்கு வரும்போது ஆபீஸ் பீரோ சாவியைக் கொண்டாந்துருங்க,” என்றார்.

வேலை போயிற்று. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கண்ணெதிரே பாதிக் கல்லறை பாசியாகவே நின்றது. யாரோ ஒரு பெரியவர், அவருடைய திருநாளும் தன்னால் கெட்டது. சிவபாலன் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சுண்ணாம்பு வாங்கி வந்தார். சட்டையைக் கழற்றிச் சிலுவையில் மாட்டப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டு மரத்தில் மாட்டினார். சுற்றிலும் ஒருவருமில்லை. மீதிப் பாதியை அடிக்க ஆரம்பித்தார். அடிக்க அடிக்க மனம் கொஞ்சம் அடங்கியது.

கடைசி மூலைக்கு வந்தபோது போன் அடித்தது. வெளிநாட்டு எண்.

“சிவபாலன் அண்ணனா? துபாய் ஆவணப் பிரிவு. சஃபியுல்லா பேசறேன்.”

தமிழ். சிவபாலன் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கீழே வைத்தார்.

“உங்க மெயிலு எனக்குத்தான் வந்துச்சு. இன்னும் மேல அனுப்பல. அந்த அஞ்சு சதவீதம் வேணாம்னு உடனே ஒரு வரி போடுங்க. காகிதத்தை நாளைக்குக் காலையில குடுங்க. இன்னைக்கு பாங்க் மூடியிருந்துச்சுன்னு பாங்க்கையே ஒரு வரி எழுதச் சொல்லுங்க, போதும். லீவுன்னா மறுநாள் வரைக்கும் செல்லும்னு எல்.சி. சட்டத்துலயே இருக்கு.”

“இன்னைக்கு இங்க லீவுன்னு துபாய்ல உங்களுக்கு யாரு தம்பி சொன்னா?”

“யாரு சொல்லணும்? நான் காரைக்கால் பக்கத்து நிரவிக்காரன்ண்ணே. காலையில எங்க உம்மாவும் அதே பாங்க் வாசல்ல நின்னுட்டுத்தான் திரும்பி வந்தாங்க.”