ஏழு குஞ்சுகள் மின்சாரம் மிச்சப்படுத்திய கதை

பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. வண்டி ஓட்டியதில்லை, விளக்குப் போட்டதில்லை, ஒரு வேலையும் செய்ததில்லை. ஒன்றும் செய்யாததற்காகவே முதல் பரிசு வாங்கியது. அது யார்?

எட்டு வயது நிறைமதி, "பக்கத்து வீட்டுப் பாப்பா" என்றாள். இல்லை. "சிங்கம்" என்றாள். அதுவும் இல்லை. விடை கதைக்குள் இருக்கிறது.

அன்று காலையில்தான் அவள் அப்பா ஓர் அறிவிப்புச் செய்திருந்தார். அடுத்த மாதம் போன் பார்க்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் சைக்கிள். நிறைமதி ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் போன் பார்ப்பாள். பத்தில் பாதி ஐந்து. ஐந்து நிமிடத்தில் ஒரு கார்ட்டூன்கூட முடியாது. அந்தக் கவலையோடுதான் அவள் கதை கேட்க உட்கார்ந்தாள்.

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் கரண்ட் வண்டி வாங்கியிருந்தன. காட்டுப்பன்றி ஜீப் வைத்திருந்தது. குரங்குகள் ஆளுக்கொரு ஸ்கூட்டர் வைத்திருந்தன. நரியிடம் நீளமான கார் இருந்தது. ஆமைகூட ஒரு கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தது. அதற்கு ஓட்டத் தெரியாது. "அவசரத்துக்கு ஆகும்" என்றது.

மாலை ஆறு மணிக்கு எல்லா மிருகங்களும் வீடு திரும்பும். திரும்பியதும் வண்டியைச் சார்ஜில் போடும். காட்டில் இருந்ததோ ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். அது உறுமத் தொடங்கும். அந்த உறுமலைக் கேட்டுப் புலிகூட ஒதுங்கி நடக்கும். பிறகு வோல்டேஜ் இறங்கும். குண்டு பல்பு மின்மினி போல் ஆகிவிடும். ஓடுகிற மின்விசிறியின் இறக்கைகளை உட்கார்ந்தபடியே எண்ணிவிடலாம். பத்து மணிக்குத்தான் எல்லாம் சரியாகும்.

மற்ற மிருகங்கள் இதைத் திட்டிவிட்டுத் தூங்கின. கௌதாரியால் அப்படித் தூங்க முடியவில்லை.

கௌதாரி ஸ்கூட்டரில் போய்ச் சாப்பாடு டெலிவரி செய்து வந்தது. மாலை ஐந்திலிருந்து பத்தரை வரை வேலை. வீட்டில் ஏழு முட்டைகள் இருந்தன. பகலெல்லாம் அதுவே அடைகாக்கும். வேலைக்குப் போகும்போது முட்டைகளை இரண்டு பல்பு எரியும் ஒரு மரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போகும். வோல்டேஜ் இறங்கினால் பெட்டியின் சூடு இறங்கும். சூடு இறங்கினால் முட்டை முட்டையாகவே இருந்துவிடும். லீவு கேட்டால் கம்பெனி ஐ.டி.யை முடக்கிவிடும். கணவன் கௌதாரிக்கு வேறொரு காட்டில் வாட்ச்மேன் வேலை. குஞ்சு பொரிக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அப்போதுதான் காட்டு மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் கரடி, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"மின்நுகர்வோர் கவனத்திற்கு! மாலை ஆறு முதல் பத்து வரை வண்டியைச் சார்ஜ் போடாதீர்கள். இந்த வாரம் அந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்று மீட்டரில் பார்ப்போம். அடுத்த வாரம் எவ்வளவு குறைக்கிறீர்கள் என்று பார்ப்போம். அதிகம் குறைத்த வீட்டுக்கு, அருவி மின்நிலையத்திலிருந்து நேராகத் தனி லைன்! வோல்டேஜ் இறங்கவே இறங்காது!"

கௌதாரிக்கு இறக்கை படபடத்தது. மறுநாள் காலை முதல் வேலையாக மின்வாரிய அலுவலகத்துக்குப் போனது. அதற்கு முன்பே வரிசை ஓடை வரைக்கும் நீண்டிருந்தது. விண்ணப்பப் படிவம் பதினெட்டுப் பக்கம். கையெழுத்துக்குப் பதிலாகக் காலடித் தடம் பதிக்க வேண்டும். வரிசையில் முதலாவதாக நின்ற பாம்பு அதற்காகத்தான் தடுமாறிக்கொண்டிருந்தது.

"சார், எனக்குக் காலே கிடையாது."

"கால் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வாப்பா. அடுத்தது யாரு?" என்றார் கரடி.

கௌதாரியின் முறை வந்தது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியைச் சார்ஜ் போடுவியாம்மா?"

"இல்ல சார். மத்தியானமே போட்டுடுவேன். ஆறு மணிக்கு நான் ரோட்டுல இருப்பேன்."

"அப்போ நீ குறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

"நான் ஏற்கெனவே குறைச்சலாத்தான் சார்..."

"ஏற்கெனவே குறைச்சலா இருந்தா அது உன்னோட சுபாவம். அதுக்கெல்லாம் வாரியம் பரிசு குடுக்க முடியாது. முதல்ல கூடுதலா இழுக்கணும், அப்புறம் எங்க கண்ணு முன்னால குறைக்கணும். இந்தா, படிவத்தை நீயே வச்சுக்கோ."

கௌதாரிக்குப் பின்னால் நின்ற நரி சிரித்தது.

"அக்கா, நீங்க ரொம்ப நல்லவங்க. அதான் உங்களுக்குப் பிரச்சினையே. என்னைப் பாருங்க. இன்னிக்கு மச்சானோட காரையும் இழுத்துட்டு வந்திருக்கேன். ஆறு மணிக்கு ரெண்டையும் சார்ஜ்ல போடுவேன். இந்த வாரம் நான் எவ்வளவு கெட்டவனோ, அடுத்த வாரம் அவ்வளவு நல்லவன்."

"நீங்க எல்லாரும் சேர்ந்து இழுத்தா என் பெட்டி என்னப்பா ஆகும்?"

"ஒரு வாரம் பொறுத்துக்குங்க அக்கா. நல்லது நடக்கணும்னா யாராவது பொறுத்துக்கத்தானே வேணும்?" என்றது நரி.

நரியின் யோசனை காடு முழுவதும் பரவியது. அன்று மாலை ஆறு மணிக்கு எல்லா மிருகங்களும் இருந்ததையெல்லாம் செருகின. காட்டுப்பன்றி ஜீப்போடு டிராக்டரையும் மூன்று கிரைண்டரையும் செருகியது. குரங்குகள் ஹெட்லைட்டை எரியவிட்டபடியே ஸ்கூட்டர்களைச் சார்ஜில் போட்டன. ஆமை தன் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு, அது நிறைந்துவிடக் கூடாதே என்று உள்ளே உட்கார்ந்து ஏ.சி.யையும் வைப்பரையும் ஓடவிட்டது. டிரான்ஸ்பார்மரைச் சுற்றி இலைகள் வாடின.

புதன்கிழமை கௌதாரி மறுபடியும் கரடியிடம் போனது.

"சார், குறைக்கிற திட்டம்னு சொன்னீங்க. எல்லாரும் கூட்டிக்கிட்டு இருக்காங்க. என் பெட்டி இளஞ்சூடுகூட இல்ல சார்."

"இது கூட்டற வாரம்மா" என்றார் கரடி பொறுமையாக. "குறைக்கிற வாரம் திங்கட்கிழமைதான் ஆரம்பம். மக்களோட ஆர்வத்தைப் பார்த்து மேலிடமே அசந்து போயிருக்கு."

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஒரே சத்தம். பிறகு புகை. பிறகு காடு முழுவதும் இருட்டு. ஒரு குரங்குக்கு நூடுல்ஸ் கொண்டுபோய்க்கொண்டிருந்த கௌதாரி, பொட்டலத்தை வழியில் தெரிந்த கிளையில் மாட்டிவிட்டு வீட்டுக்கு விரைந்தது. பெட்டி ஆறிப்போயிருந்தது. ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டது. ஏழிலும் மெல்லிய துடிப்பு இருந்தது. அது முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

இன்று உட்காரலாம். நாளை மாலை?

டெலிவரி வேலையில் கௌதாரி ஒரு பழக்கம் கற்றிருந்தது. எந்த விலாசத்தையும் கடைசி வரி வரை படிக்கும். ஏனென்றால் 'வாசலில் நாய் உண்டு' என்பதை எல்லோரும் கடைசி வரியில்தான் எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில், செல்போன் வெளிச்சத்தில், கரடி திருப்பித் தந்த படிவத்தைப் படிக்கத் தொடங்கியது. பதினெட்டுப் பக்கத்தையும் படித்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் இரண்டு விதிகள் இருந்தன. இரண்டையும் இரண்டு முறை படித்தது.

மறுநாள் மாலை காட்டில் வெளிச்சம் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது நரியின் கார். முழுச் சார்ஜில் நின்ற அந்தக் காருக்குள் நரி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வெளியே கௌதாரி நின்றது. அதன் கையில் பெட்டி. பெட்டியில் ஏழு முட்டைகள்.

நரி எச்சில் விழுங்கியது.

"என்னக்கா, நீங்களே கொண்டு வந்துட்டீங்க!"

"நரித்தம்பி, உன் காரிலேர்ந்து கரண்ட் எடுக்க ஒரு பிளக் பாயின்ட் இருக்காமே. என் பெட்டியை அதுல செருகணும்."

"செருகலாம், செருகலாம். முதல்ல முட்டையைக் கொஞ்சம் கிட்ட காட்டுங்க."

"காட்டறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. போட்டியில நீதான் முதலா?"

நரியின் முகம் தொங்கியது. "எங்கக்கா! அந்தப் பன்னி மூணு கிரைண்டரையும் சேர்த்து இழுத்துட்டான். அவன்தான் முதல்."

"பதினெட்டாம் பக்கம் படிச்சியா?"

"அதை யாருக்கா படிப்பாங்க?"

"நான் படிச்சேன். ஒரு வீட்டுல புதுசா யாராவது சேர்ந்தா, அவங்களுக்குப் பழைய அளவு கிடையாது. அதனால காட்டோட சராசரி எவ்வளவோ, அதையே அவங்க இழுத்ததா எடுத்துக்குவாங்க. மாசக் கடைசி வரைக்கும் சேரலாம். என் வீட்டைத்தான் திட்டத்துலயே சேர்த்துக்கலையே. இந்த ஏழும் உன் வீட்டு மீட்டர்ல சேர்ந்தா, ஏழு பேர் இழுத்ததா ஆகும். ஆனா இதுங்க ஒண்ணும் இழுக்காது. அவ்வளவும் உன் வீடு குறைச்சதுதான்."

நரி முட்டைகளைப் பார்த்தது. இப்போது அதன் பார்வை வேறு மாதிரி இருந்தது.

"முட்டையாவே சேர்த்துடலாமே?"

"காலடித் தடம் வேணுமே தம்பி."

"ஓ. அப்போ பொரிச்சுத்தான்..." நரி கொஞ்சம் யோசித்தது. "சேர்த்து முடிச்சப்புறம்?"

"அதுதான் ரெண்டாவது விதி. வருஷா வருஷம் ஏழையும் உயிரோட நேர்ல கூட்டிட்டுப் போய்க் காட்டி, உயிர்வாழ் சான்றிதழ் குடுக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் லைனை அறுத்துடுவாங்க. லைன் வந்ததும் உன் வேலியோரத்துல எனக்கொரு பல்பு இழுத்துக் குடு. அது போதும்."

நரி நீண்ட பெருமூச்சு விட்டது. பிறகு இறங்கி, பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிப் பின் சீட்டில் வைத்துச் செருகியது. குளிர்ந்துவிடக் கூடாதென்று தன் வாலை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தியது. அன்றிலிருந்து நரி எங்கும் நடந்தே போனது. சார்ஜ் குறைந்துவிடும் என்று பாட்டுக் கேட்பதையும் நிறுத்திவிட்டது.

திங்கட்கிழமை புது டிரான்ஸ்பார்மர் வந்தது. குறைக்கிற வாரமும் வந்தது. ஒரு மிருகமும் எதையும் செருகவில்லை. வண்டிகள் எல்லாம் சார்ஜ் இல்லாமல் நடுவழியில் நின்றன. காட்டுப்பன்றி ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனது. கரடி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: டிரான்ஸ்பார்மர் இல்லாத நான்கு நாளும் மாலை நேர உபயோகம் நூற்றுக்கு நூறு குறைந்தது, திட்டம் எதிர்பார்த்ததைவிட வெற்றி.

அதற்கடுத்த வாரம் ஏழு முட்டைகளும் பொரிந்தன. மூன்றாம் நாள் கௌதாரி குஞ்சுகளை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனது. நரி கடைசியில் நடந்து வந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஏழு தலையையும் எண்ணிப் பார்த்தது.

கரடி முதல் குஞ்சைக் குனிந்து பார்த்தார்.

"தொழில்?"

"கீச்" என்றது குஞ்சு.

"வண்டி?"

"இல்ல சார்" என்றது கௌதாரி.

"வண்டியே இல்லாம எப்படிம்மா சார்ஜ் போடாம இருக்க முடியும்?"

"வண்டி இருந்தாத்தான் சார் போடாம இருக்கறது கஷ்டம். வண்டி இல்லாதவங்க சேரக் கூடாதுன்னு பதினெட்டுப் பக்கத்துல எங்கயும் இல்ல. நீங்களே படிச்சுப் பாருங்க."

கரடி பதினெட்டுப் பக்கத்தையும் பார்த்தார். அதன் கனத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏழு படிவங்களிலும் ஏழு சின்னக் காலடிகளைப் பதித்து முத்திரை குத்தினார்.

நரி வீட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. தனி லைன் வந்தது. வேலியோரத்தில் கௌதாரியின் பல்பு பளிச்சென்று எரிந்தது. அம்மா வேலைக்குப் போனதும் ஏழு குஞ்சுகளும் அதன் அடியில் சுருண்டு கிடக்கும். நரி வாசலில் காவல் உட்கார்ந்திருக்கும். பருந்து நிழல் தெரிந்தால் குரைக்கும்.

திட்டம் அடுத்த ஆண்டும் உண்டு என்று கரடி மைக்கில் அறிவித்தார். அறிவிப்பு முடிந்தபோது மணி ஆறு. எல்லா மிருகங்களும் எழுந்து போய், அடுத்த ஆண்டுக்கு இப்போதே ஆகட்டும் என்று வண்டிகளைச் செருகின. இதுவரை மத்தியானத்திலேயே சார்ஜ் போட்டுவந்த முயலும் அன்று ஆறு மணி வரை காத்திருந்து செருகியது. காட்டு பல்புகள் எல்லாம் மின்மினி ஆயின. பாம்பு சர்டிபிகேட்டோடு வந்து, வரிசையில் மறுபடி முதலாவதாக நின்றது.

நீதி: நல்லவராக இருப்பவருக்குப் பரிசு கிடையாது; நல்லவராக மாறுகிறவருக்குத்தான் உண்டு. ஆகவே பிள்ளைகளே, திட்டம் தொடங்கும் தேதிக்கு முன்பே கெட்டுப்போய்விடுங்கள்.

நிறைமதி காலண்டரைப் பார்த்தாள். இந்த மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. அவள் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.